சங்ககிரி லாரித் தொழிலும் மேகக் கணிமையும்

மேகக் கணிமை என்பது கணினியின் செயல்திறன், தரவுச் சேமிப்பு, மென்பொருள் ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கி வைக்காமல், இணையத்தின் வழியே தேவைப்படும் அளவுக்குப் பெற்று, பயன்படுத்திய அளவுக்கு வாடகை செலுத்தும் முறையாகும். இன்று பெரிய வங்கிகள் முதல் ஒரே ஒரு லாரி வைத்திருப்பவர் வரை பலரும் இம்முறையையோ இதற்கு நெருக்கமான இணையச் சேவைகளையோ பயன்படுத்துகின்றனர். சேலம் மாவட்டத்தில் உள்ள சங்ககிரியும் அதன் சுற்றுவட்டாரமும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்ட இந்த ஊரில், வாடகைக் கணினி எப்படி வந்து சேர்ந்தது, அதனால் சிறிய தொழில் செய்பவருக்குக் கிடைத்தது என்ன, அவர் கவனிக்க வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரும் தொழிலும்

சங்ககிரி, சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் இடையில் அமைந்துள்ள வட்டத் தலைநகர். தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டையால் இவ்வூர் வரலாற்றில் அறியப்படுகிறது. சேலத்தையும் கொச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 544 இவ்வழியே செல்கிறது. 1963-இல் இங்கு தொடங்கப்பட்ட சிமெண்ட் ஆலை, பாரம் ஏற்றும் வண்டிகளுக்கு உள்ளூரிலேயே வேலை தந்தது. அருகிலுள்ள நாமக்கல், எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. 1997 வரை இவை அனைத்தும் ஒரே சேலம் மாவட்டத்தில் இருந்தன.

இத்தொழிலின் மூளையாக நீண்ட காலம் இருந்தது கணக்கு நோட்டுதான். எந்த லாரி எந்த ஊருக்குப் போனது, அட்வான்ஸ் எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, வரவேண்டிய பாக்கி வாடகை எவ்வளவு என்ற எல்லாமே அதில் இருந்தன. லாரி எங்கே நிற்கிறது என்பதை டிரைவர் வழியில் தொலைபேசியில் சொன்னால்தான் தெரியும். நோட்டு நனைந்தாலோ தொலைந்தாலோ பாக்கியைக் கேட்டு வாங்கச் சான்று இல்லை. ஆனால் ஒரு வசதி இருந்தது. அந்த நோட்டு உரிமையாளரின் மேசை டிராயரில், அவர் பூட்டின் கீழ் இருந்தது. மேகக் கணிமையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வாடகைக் கணினியின் தொடக்கம்

கணினியை வாடகைக்குப் பயன்படுத்துவது புதிய சிந்தனை அன்று. 1960-களில் ஒரு கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். அதன் விலையும் சாதாரண நிறுவனங்களுக்கு எட்டாதது. ஆகவே ஒரே கணினியின் நேரத்தைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் நேரப் பகிர்வு முறை உருவானது. 1961-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசிச் சேவையைப் போலவே கணிமையும் ஒருநாள் பொதுச் சேவையாக வழங்கப்படலாம் என்ற கருத்தை முன்வைத்தார். அதே ஆண்டு அக்கழகத்தில் நேரப் பகிர்வு முறை செய்து காட்டப்பட்டது.

இந்தியாவிலும் கணினி முதலில் பகிர்ந்துகொள்ளும் பொருளாகவே வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 கணினியை வெளி நிறுவனங்களும் பயன்படுத்தின. துளையிட்ட அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, கணக்கு முடிந்த பின் அச்சிட்ட தாள்களை வாங்கி வருவது அக்கால வழக்கம். வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் வைத்திருக்கும் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதியை ஏற்காமல் ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் கணினிகளைப் பராமரிக்கும் பணி அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் சென்றது. பிறருடைய கருவியை நம்பித் தொழில் நடத்தும்போது, அந்தப் பிறர் விலகினால் என்ன செய்வது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

சொந்தக் கணினிக் காலம்

1980-களில் மேசைக் கணினி மலிந்தபோது வாடகை முறை பின்னுக்குச் சென்றது. இந்தியச் சிறுதொழிலில் கணினியைக் கொண்டுவந்ததில் கணக்கு மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1986-இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் டாலி மென்பொருள், தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் கணக்கெழுதுபவரின் அடையாளமாகவே ஆனது. டாலி தெரியும் என்பது ஒரு வேலைக்கான தகுதியாயிற்று.

ஆனால் சொந்தக் கணினிக்குச் சொந்தத் தொல்லைகளும் இருந்தன. கணக்கு ஒரே கணினியில் இருந்தது. வன்தட்டு பழுதானால் ஆண்டுக் கணக்கு முழுவதும் போகும். அலுவலகத்தில் நாலைந்து பேர் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டுமானால் தனி சர்வர், அதற்கு யு.பி.எஸ்., பேட்டரி, பராமரிக்க ஓர் ஆள் என்று செலவு கூடும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. சர்வரை ஓடவைக்க ஜெனரேட்டர் தேவைப்பட்ட காலம் அது. வாங்கிய சர்வர், வேலை குறைந்த மாதங்களில் வெறுமனே நின்றாலும் அதற்குப் போட்ட முதல் திரும்பாது. லோடு கிடைக்காமல் நிற்கும் லாரிக்கும் தவணை கட்ட வேண்டியிருப்பதைப் போன்றது இது.

மேகச் சேவையின் பிறப்பு

பொறியாளர்கள் வரைபடங்களில் தொலைத்தொடர்பு வலையமைப்பை ஒரு மேகத்தின் வடிவத்தால் குறிப்பது வழக்கம். அதற்குள் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பது பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது அதன் பொருள். மேகக் கணிமை என்ற பெயர் இதிலிருந்து வந்தது.

இதன் தொழில்நுட்ப அடிப்படை மெய்நிகராக்கம். ஒரே கணினியை மென்பொருளின் உதவியால் பல தனித்தனிக் கணினிகளைப் போல இயங்கச் செய்வதே அது. லாரித் தொழிலில் இதற்கு இணையானது பார்ட் லோடு. ஒரே லாரியில் பல வியாபாரிகளின் சரக்கு ஏறும்; ஒருவர் மூட்டையை இன்னொருவர் தொட மாட்டார்; வாடகை பகிரப்படுவதால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும்.

1999-இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருளைக் குறுந்தகட்டில் விற்காமல் இணையத்தில் சந்தா முறையில் வழங்கியது. 2006 மார்ச்சில் அமேசான் தன் சேமிப்புச் சேவையை ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் என்ற விலையில் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கணினியையே மணிக்கு 10 சென்ட் வாடகைக்குக் கொடுத்தது. கூகுள் 2008-இலும், மைக்ரோசாஃப்ட் 2010-இலும் தத்தம் சேவைகளுடன் இத்துறையில் இறங்கின. 2011-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் மேகக் கணிமைக்கு ஐந்து இயல்புகளை வரையறுத்தது. கேட்டவுடன் தானே எடுத்துக்கொள்ள முடிதல், வலையமைப்பு வழியே எங்கிருந்தும் அணுக முடிதல், வளங்கள் பலருக்குப் பொதுவாக இருத்தல், தேவைக்கேற்ப விரைவில் கூட்டிக் குறைக்க முடிதல், பயன்பாடு அளக்கப்படுதல் ஆகியவை அவை.

மூன்று வகைச் சேவைகள்

மேகச் சேவைகள் பொதுவாக மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன.

உட்கட்டமைப்புச் சேவை: கணினியும் சேமிப்பிடமும் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும். அதில் எந்த மென்பொருளை நிறுவுவது, எப்படிப் பாதுகாப்பது என்பது வாடகைக்கு எடுத்தவரின் வேலை. வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு டிரைவரையும் டீசலையும் நாமே பார்த்துக்கொள்வது போன்றது.

தளச் சேவை: கணினியுடன், மென்பொருளை எழுதி ஓட்டுவதற்கான சூழலும் கிடைக்கும். டிரைவரோடு வண்டி வருவது போன்றது. என்ன ஏற்றுவது என்பதை மட்டும் நாம் முடிவு செய்கிறோம்.

மென்பொருள் சேவை: முழுமையான மென்பொருள் சந்தாவுக்குக் கிடைக்கும். பார்சல் ஆபீஸில் பெட்டியைக் கொடுத்து ரசீது வாங்குவது போன்றது. எந்த வண்டியில் போகிறது என்று நாம் பார்ப்பதில்லை. சிறுதொழில் செய்பவர் பெரும்பாலும் பயன்படுத்துவது இந்த மூன்றாம் வகையே. மின்னஞ்சல், இணையவழிக் கணக்கு மென்பொருள், லாரி எங்கே போகிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். செயலி ஆகியவை இதில் அடங்கும்.

தமிழ்நாட்டின் பங்கு

மென்பொருள் சேவைத் துறையில் தமிழ்நாட்டுக்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 2005-இல் ஜோஹோ என்ற பெயரில் இணையவழி எழுத்து மென்பொருளை வெளியிட்டு, 2009-இல் ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்து, மேகச் சேவையைச் சிற்றூரிலிருந்தும் உருவாக்கலாம் என்று காட்டியது. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

தரவு மையங்களும் அருகில் வந்தன. மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை, மும்பை, புனே நகரங்களில் மேக மையங்களைத் தொடங்கியது. அமேசான் 2016-இலும் கூகுள் 2017-இலும் மும்பையில் தொடங்கின. இந்திய அரசின் மேகத் திட்டத்துக்கு மேகராஜ் என்று பெயர். தேசியத் தகவலியல் மையம் 2014-இல் அரசுத் துறைகளுக்கான தேசிய மேகத்தைத் தொடங்கியது.

லாரித் தொழிலுக்குள் இணையக் கணக்கு

சங்ககிரி போன்ற ஊர்களில் இணையவழிக் கணக்கு பரவியதற்கு விளம்பரத்தைவிட வரி விதிகளே முக்கியக் காரணம். 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக, 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்ல இ-வே பில் கட்டாயமானது. 2018 பிப்ரவரி 1-இல் இதைத் தொடங்க முயன்ற அன்றே இணையதளம் நெரிசலைத் தாங்காமல் முடங்கியதால் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஏப்ரல் 1-இல் மீண்டும் தொடங்கியது. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் போக்குவரத்துக்கு ஜூன் 2 முதல் நடைமுறைக்கு வந்தது.

இ-வே பில்லின் முதல் பகுதியில் சரக்கின் விவரமும் இரண்டாம் பகுதியில் வண்டி எண்ணும் இருக்கும். முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்த அதன் செல்லுபடிக் காலம், 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று மாற்றப்பட்டது. பில் காலாவதியானாலோ எண் தவறாக இருந்தாலோ வண்டியைச் சரக்குடன் நிறுத்திவைக்க அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. நின்ற வண்டிக்கு வாடகை இல்லை. ஆகவே முன்பு நோட்டில் எழுதிய விவரத்தை உடனுக்குடன் இணையத்தில் ஏற்றுவது பிழைப்பின் பகுதியாயிற்று.

மின்னணு விலைப்பட்டியலும் இவ்வாறே படிப்படியாகக் கீழிறங்கியது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது, 2023 ஆகஸ்டில் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. மூன்றே ஆண்டுகளில் எல்லை நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. சங்ககிரிக்கு அருகிலுள்ள வைகுந்தம் சுங்கச்சாவடியை ஒரு லாரி கடந்தால், கண்ணாடியில் ஒட்டிய பட்டையை ரேடியோ அலை படிக்கிறது. பணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. குறுஞ்செய்தி உரிமையாளருக்கு வருகிறது. வண்டியின் பதிவுச் சான்றையும் ஓட்டுநர் உரிமத்தையும் டிஜிலாக்கர் செயலியில் காட்டலாம்.

இவற்றில் அரசு நடத்தும் அமைப்புகள் விலைக்கு விற்கப்படும் மேகச் சேவைகள் அல்ல. ஆயினும், தொழிலின் முக்கிய விவரம் தொலைவிலுள்ள சர்வரில் இருக்கும், அதைக் கைபேசியில் பார்க்கலாம் என்ற பழக்கத்தைச் சிறுதொழிலுக்குக் கொண்டுவந்தவை இவையே. 2016-க்குப் பின் கைபேசி இணையம் மலிந்தது இதை எளிதாக்கியது. அரசுக் கணக்கு இணையத்துக்குப் போனபின், சொந்தக் கணக்கையும் அங்கேயே வைப்பது இயல்பான அடுத்த படியாக அமைந்தது.

கிடைத்த பயன்

ஐந்து லாரி வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் சர்வர் வாங்க வேண்டியதில்லை. மாதச் சந்தா கட்டினால் போதும். ஆறாவது லாரி வாங்கினால் சந்தா சற்றுக் கூடும், விற்றால் குறையும். மழைக்காலத்தில் லோடு குறைந்தால் சேவையைச் சுருக்கிக்கொள்ளலாம். அவர் சங்ககிரியில் இருந்தாலும் வெளியூரில் திருமணத்தில் இருந்தாலும் வண்டி எங்கே நிற்கிறது, யார் பாக்கி வைத்திருக்கிறார் என்பதைப் பார்க்கலாம். நூறு லாரி வைத்திருக்கும் நிறுவனம் பயன்படுத்தும் அதே தரமான மென்பொருள் அவருக்கும் கிடைக்கிறது. முதலீடாக ஒரேயடியாகப் போன பணம் மாதச் செலவாக மாறியது மேகக் கணிமை செய்த முக்கிய மாற்றம். அதேசமயம் சந்தாவுக்கு முடிவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பத்தாண்டுச் சந்தாவைக் கூட்டிப் பார்த்தால், மாறாத வேலைக்குச் சொந்தக் கணினியே மலிவாக அமைவதும் உண்டு.

தடைகளும் படிப்பினைகளும்

மேகம் என்ற பெயர் இருந்தாலும் தரவு இருப்பது தரையில், ஒரு கட்டடத்துக்குள், ஒரு நிறுவனத்தின் கைகளில். அண்மைக்கால நிகழ்வுகள் நான்கு இதைத் தெளிவாக்குகின்றன.

2017 பிப்ரவரி 28-இல் அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் ஓர் ஊழியர் தட்டச்சு செய்த கட்டளையில் நேர்ந்த பிழையால், நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டன. அதைச் சார்ந்திருந்த ஏராளமான இணையதளங்கள் சில மணி நேரம் முடங்கின.

2018 செப்டம்பரில் ஜோஹோவின் இணைய முகவரியைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம், மோசடி மின்னஞ்சல் குறித்த புகார்களைக் காரணம் காட்டி அம்முகவரியை நிறுத்தியது. தரவு பத்திரமாக இருந்தும், அதற்குச் செல்லும் வழி அடைபட்டதால் வாடிக்கையாளர்கள் சில மணி நேரம் தவித்தனர்.

2021 மார்ச் 10-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. காப்புப் பிரதிக்கும் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பிரதியும் அங்கேயே இருந்ததால் அதுவும் போயிற்று. 2023-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆனால் தரவு திரும்பவில்லை.

2025 ஜூலையில், குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நாடெங்கும் பெட்ரோல் பங்குகளும் நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. நயாரா தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய பின் சேவை மீண்டது. கட்டணம் செலுத்தியிருந்தும், இந்தியச் சட்டத்தை மீறாமலிருந்தும், வேறொரு நாட்டின் முடிவால் சேவை நின்றது. 1978-இல் எழுந்த கேள்வி புது வடிவில் திரும்பி வந்தது.

சட்டம் கேட்பது

இந்தியச் சட்டம் இந்த ஆபத்தைக் கவனத்தில் கொண்டுள்ளது. கட்டணப் பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் உத்தரவிட்டது. கம்பெனிகள் மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கின் காப்புப் பிரதியை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. 2023-இல் மின்னணு வடிவிலான தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. டிரைவரின் ஆதார் நகலையும் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணையும் மேகத்தில் ஏற்றுபவர், அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார். கம்பெனிகளுக்கான கணக்கு விதி தனியுரிமையாளராகத் தொழில் செய்பவரைக் கட்டுப்படுத்தாது. அதனாலேயே அவர் தன் காப்புப் பிரதியைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

சேவை எடுக்கும் முன்

லாரியை வாடகைக்குப் பேசும்போது கேட்கும் கேள்விகளே இங்கும் பொருந்தும். சரக்கு எங்கே இறங்குகிறது என்பது போல, தரவு எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சேவையை நிறுத்தினால் முழுக் கணக்கையும் பிற மென்பொருள் படிக்கக்கூடிய வடிவில் இறக்கிக்கொள்ள முடியுமா என்று தொடக்கத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். கடவுச்சொல் ஒரே ஊழியரிடம் மட்டும் இருக்கக் கூடாது. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டைப் பிறரிடம் சொல்லக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறையாவது கணக்கின் பிரதியை இறக்கி, மேகத்துக்கு வெளியே ஒரு தனி வன்தட்டில் சேமித்து வைப்பது நல்லது. பாக்கி வாடகை கேட்கப் போகும் நாளில் இணையம் இல்லாவிட்டாலும் காட்டுவதற்குச் சான்று இருக்கும். அந்த வன்தட்டுக்கு ஏற்ற இடம், முன்பு கணக்கு நோட்டு இருந்த அதே மேசை டிராயர்தான்.